சீட்டியடிக்கும் குருவியும் கீரிப்பிள்ளையும்

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பொன்முடி மலை. கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டமும் காடும் ஓடைகளும் உண்டு.

மழைக்காலத்தில் விடியற்காலையில் ஓடைப் பக்கம் போங்கள். சின்னப் பையன் சீட்டியடிப்பது போலக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் பையன் இருக்க மாட்டான். பாறை மேல் ஒரு குருவி இருக்கும்.

மலையாளத்தில் இதைச் சூளக்காக்கா என்கிறார்கள். சூளம் என்றால் சீட்டி. மைனா அளவு இருக்கும். உடல் கருநீலம். நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்ற நீலம்.

அதே ஓடைக்குக் கீரியும் வரும். மலைக்காட்டுக் கீரிக்குக் கழுத்தின் பக்கத்தில் கறுப்புக் கோடு உண்டு. வால் நுனியும் கறுப்பு.

குருவியைக் கண்டால் நாம் நின்று கேட்கிறோம். கீரியைக் கண்டால் கல்லை எடுக்கிறோம். கோழி திருடி என்று திட்டுகிறோம். ஆனால் இரண்டும் என்ன தின்கின்றன?

குருவி நண்டு, தவளை, மண்புழு, பூச்சி தின்னும். பழமும் தின்னும். கீரியும் நண்டு, தவளை பிடிக்கும். எலி, பாம்பு, முட்டையும் அதற்கு உணவு. இனிமையாகப் பாடும் குருவியும் இரை பிடித்துத்தான் பிழைக்கிறது!

குருவி பாடுவது நமக்காகவா? இல்லை. 'இது என் இடம், உள்ளே வராதே' என்று மற்ற குருவிகளுக்குச் சொல்கிறது. கீரிக்குப் பாட்டு வராது. அது கல்லிலும் மரத்திலும் தன் வாசனையைத் தேய்த்து வைக்கும். அதற்கும் அர்த்தம் அதேதான். நம் மூக்குக்கு அது எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

குருவி முட்டையிடும். கீரி குட்டி போட்டுப் பால் கொடுக்கும். முட்டை என்றால் கீரி விடாது. அதனால்தானோ என்னவோ, குருவி அருவிப் பக்கத்துப் பாறை இடுக்கில் கூடு கட்டுகிறது.

கீரியால் நமக்கும் லாபம் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். கேரளத்தில் மழைக்காலத்தில் இந்தக் காய்ச்சலால் உயிர்கள் போகின்றன. எலியைத் தின்னும் கீரியை நாமே அடித்தால் நஷ்டம் யாருக்கு?

கீரி முடியில் பெயிண்ட் பிரஷ் செய்கிறார்கள். அதற்காகவும் கீரியைக் கொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். அந்த பிரஷை விற்பதும் குற்றம்தான். கடையில் நைலான் பிரஷ் கேட்டு வாங்கலாம்.

சரி, கோழிக்கு என்ன வழி? கீரி பகலில்தான் இரை தேடும். குஞ்சுகளைப் பகலிலும் கம்பி வலைக்குள் விடுங்கள். வலையின் அடிப்பக்கத்தை ஒரு சாண் ஆழம் மண்ணில் புதையுங்கள். கீரி மண்ணைத் தோண்டும்.