ஆன்ஃபீல்டுக்குப் போகிறீர்களா?

லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்குப் போகிறவர்கள் நேராகக் கோப்பைகளைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் பக்கத்திலேயே இருக்கும் 'சாண்டன்' மதுக்கடை வாசலுக்குப் போங்கள். கதை தொடங்கிய இடம் அது. 1892 வரை ஆன்ஃபீல்டில் ஆடியது இன்றைய பரம வைரியான எவர்ட்டன். மைதானம் மதுபான ஆலை அதிபர் ஜான் ஹோல்டிங்கின் கையில் இருந்தது, சாண்டனும் அவருடையதே. ஆட்டக்காரர்கள் உடை மாற்றியதும் அங்கேதான். வாடகைத் தகராறு முற்றி எவர்ட்டன் வெளியேற, காலி மைதானத்துக்கென ஹோல்டிங் தொடங்கிய அணிதான் லிவர்பூல். அந்த அணி முதலில் போட்டது நீல வெள்ளைச் சட்டை! தலை முதல் கால் வரை சிவப்பு வந்தது 1964-ல், பில் ஷாங்க்லி பயிற்சியாளராக இருந்தபோது.

அங்கிருந்து ஸ்டான்லி பூங்காவைக் கடந்து எவர்ட்டன் குடியேறிய குடிசன் பார்க் வரை நடங்கள். சிறிது தூரம்தான். 2025 வரை இரு வைரிகளும் இந்த ஒரு பூங்காவின் இரு கரைகளில் வாழ்ந்தார்கள். இவ்வளவு அருமையான நடை வேறெந்தக் கால்பந்து ஊரிலும் எனக்கு வாய்க்கவில்லை.

மீண்டும் ஆன்ஃபீல்டுக்கு வாருங்கள். அங்குள்ள 'கோப்' அரங்கின் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் கோப் குன்றிலிருந்து வந்தது. 1900-ல் அங்கு நடந்த போரில் லங்காஷயர் வீரர்கள் பலர் மாண்டார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்த இந்தியத் தொண்டர்களில் காந்தியும் இருந்தார்.

பிரதான அரங்கின் வெளிச்சுவரில் ஹில்ஸ்பரோ நினைவிடம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசல் 97 ரசிகர்களைப் பலிகொண்டது. அவர்களில் மிக இளையவனுக்கு 10 வயது. ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். கீழே யாரோ வைத்த பூக்களும் கழுத்துத்துண்டுகளும் கிடக்கும். பழியை ரசிகர்கள் மீதே சுமத்திய 'தி சன்' நாளிதழை இந்நகரத்தார் இன்றும் தொடுவதில்லை. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 ஆகிவிட்டது.

அணியின் கடையைத் தவிர்த்துவிடுங்கள். நெரிசல், விலை, வேறொன்றுமில்லை.

கள்ள டிக்கெட்காரர்களிடம் எச்சரிக்கை! நான் போன அன்று ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தே பேரம் பேசினான். உதறிவிட்டு நகர்ந்தால், நுழைவாயிலில் நார்வேயிலிருந்து வந்த ஒரு தகப்பனும் மகனும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் வேலை செய்யவில்லை. சிவப்புச் சட்டையோடு அந்தப் பையன் விசும்பியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. டிக்கெட்டை அணியிடம் மட்டுமே வாங்குங்கள்.

நகர மையத்தின் குயின் ஸ்கொயரிலிருந்து பேருந்து உண்டு. ஆட்டமில்லாத நாளில் போனாலும் நினைவிடத்தைப் பார்க்கலாம்; அதற்குக் கட்டணம் இல்லை.