பாலிமர் கலந்த பிறகு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அதபாஸ்கா ஆற்றோரம் எண்ணெய் மணலைத் தோண்டி வெந்நீரில் அலசித் தார் போன்ற பிட்டுமனைப் பிரிக்கிறார்கள். மிஞ்சுவதில் மணல் உடனே அடியில் தங்கிவிடும். நுண்களிமண்தான் தொல்லை. சில ஆண்டுகளில் எடையில் 30 சதவீதம் அளவுக்குத் திடப்பொருள் சேரும். அதோடு சரி, பல பத்தாண்டுகள் போனாலும் தயிர்ப்பதம் மாறாது. இப்படிக் குளங்களில் தேங்கிக் கிடப்பது 100 கோடி கன மீட்டருக்கு மேல்.

இந்தச் சேற்றிலிருந்து நீரைப் பிரிக்கப் பாலிமர் கலக்கிறார்கள். எந்தப் பாலிமர் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் விடை ஒன்றே: எதிர்மின்னூட்டமுள்ள நீள்சங்கிலிப் பாலிஅக்ரிலமைடு, ஒரு டன் திடப்பொருளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. களிமண்ணும் எதிர்மின்னூட்டந்தான், நீரிலுள்ள கால்சியம் நடுவில் நின்று இரண்டையும் கோக்கிறது. ஆகவே குளத்துக்குக் குளம் அளவு மாறும்.

குடுவையில் கலக்கிப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு முதலில் கெட்டிப்பட்டுக் கரண்டியைப் பிடித்து இழுக்கும். பிறகு திரிந்த பால் போல உடைந்து, கட்டிகளுக்கிடையே நீர் தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் நாலு சுற்று சுற்றினால் கட்டி நொறுங்கிப் பழைய சேறுதான். களத்தில் இந்தக் கரண்டி வேலையைச் செய்வது குழாயின் நீளமும் ஓட்டத்தின் வேகமும். விலை கூடிய பாலிமரைத் தேடுவதற்கு முன் அந்தக் குழாயைச் சரிபார்க்கச் சொல்வேன்.

அடுத்ததுதான் உண்மையான தேர்வு: உங்களிடம் இருப்பது இடமா, மின்சாரமா, காலமா?

இடம் இருந்தால், பாலிமர் கலந்த சேற்றைச் சரிவான பரப்பில் மெல்லிய அடுக்குகளாக ஊற்றிக் காயவிடலாம். செலவு குறைவு. ஆனால் அங்கே வெயில் காலம் குறுகியது; ஒரு மழை வந்தால் கணக்குத் தப்பும். குளிரும் வீணில்லை, உறைந்து உருகும்போது களிமண்ணிலிருந்து நீர் பிழியப்படும்.

மின்சாரம் இருந்தால், சின்குரூடு நிறுவனம் போலச் சென்ட்ரிஃப்யூஜில் ஜிப்சமும் பாலிமரும் சேர்த்துச் சுழற்றினால், பாதிக்குமேல் திடப்பொருளுள்ள களிமண் பிண்டம் கிடைக்கும். வானிலையை நம்ப வேண்டாம். இயந்திரம், மின்சாரம், பிண்டத்தை அள்ளிச் செல்லும் வண்டி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பிண்டமும் வண்டியேறும் தரையாகிவிடாது.

தோண்டி முடித்த குழி கைவசம் இருந்தால், சன்கோர் நிறுவனம் செய்வதுபோல அலுமினியம் சல்பேட்டும் பாலிமரும் கலந்து குழியில் நிரப்பி, மேலே நீர் நிறுத்தி ஏரியாக்கலாம். கலங்கிய தண்ணீரில் நம் வீட்டில் சுற்றும் படிகாரத்துக்கு நெருங்கிய உறவுதான் இது. அடியிலிருக்கும் சேறு ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். காத்திருக்க முடிந்தவருக்கு இதுவே மலிவு என்பேன். ஆனால் காத்திருப்பவர் சுரங்கக்காரர் மட்டுமல்லர், அதபாஸ்கா நீரை நம்பி ஆற்றின் கீழ்ப்போக்கில் வாழ்பவர்களும்தான்.

எதை எடுத்தாலும், திரும்பிவரும் நீரின் கால்சியத்தை அளந்து பாருங்கள். அதே நீர்தான் மறுபடி பிட்டுமன் அலசப் போகிறது; கால்சியம் கூடினால் அந்தப் பிரிப்பு கெடும்.