உலகக் கோப்பை இறுதியாட்டம் சனிக்கிழமைக்கு மாறலாமா?



நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கால்பந்து உலகக் கோப்பை வருகிறது. பிரேசிலா, அர்ஜென்டினாவா என்று நாம் மாதக்கணக்கில் சண்டை போடுகிறோம். ஆனால் இறுதியாட்டத்தை எந்தக் கிழமையில் வைக்கிறார்கள், அது யாருக்கு வசதி, யாருக்கு இடைஞ்சல் என்று யோசித்திருக்கிறோமா? அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஞாயிறு என்பது சட்டமா?

இல்லவே இல்லை. உருகுவே நாட்டின் மான்டிவீடியோவில் 1930 ஜூலை 30 அன்று நடந்த முதல் இறுதியாட்டம் புதன்கிழமை. 1966-ல் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்து கோப்பையை வென்றது சனிக்கிழமை. அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு அவ்வளவு கட்டுப்பாடு. தொழில்முறைக் கால்பந்து அங்கே முதன்முதலாக ஞாயிறன்று நடந்ததே 1974 ஜனவரியில்தான். 1970 முதல்தான் இறுதியாட்டம் தவறாமல் ஞாயிறு என்று ஆனது. ஆக, இது பழக்கமே தவிர விதி அல்ல.

கிழமை மாறும் கணக்கு

நமது நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆடும் ஊர் மேற்கே போகப் போக, அங்கே ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கள் பிறந்துவிடும். கடந்த அட்டவணைகளை நம் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்:

2006 பெர்லின்: ஞாயிறு இரவு 11.30
2010 ஜோகன்னஸ்பர்க்: ஞாயிறு நள்ளிரவு 12.00
2014 ரியோ டி ஜெனிரோ: திங்கள் அதிகாலை 12.30
2018 மாஸ்கோ: ஞாயிறு இரவு 8.30
2022 கத்தார்: ஞாயிறு இரவு 8.30
2026 நியூஜெர்சி: திங்கள் அதிகாலை 12.30

ஆறு அட்டவணைகளில் நான்கில், ஆட்டம் முடியும்போது நமக்குத் திங்கட்கிழமை! ஜப்பான்காரர் நிலைமை இன்னும் மோசம். 2014-லும் 2026-லும் அவர்களுக்குத் திங்கள் காலை 4 மணிக்குத்தான் ஆட்டம் தொடக்கம்.

திங்கட்கிழமை யாரை வாட்டுகிறது?

எங்கள் ஆலந்தலையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பூசைக்குப் போவார்கள், வலை பார்ப்பார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுவதை நின்று பார்ப்பார்கள். திங்கள் அதிகாலை வள்ளம் தள்ளியாக வேண்டும். அன்று கடலுக்குப் போகாதவருக்கு அன்றைய பங்கு கிடையாது.

2014 இறுதியாட்டத்தில் 90 நிமிடம் முடிந்தும் கோல் விழவில்லை. கூடுதல் நேரம் தொடங்கும்போது அப்பா எழுந்துவிட்டார்களாம். "இன்னும் கொஞ்ச நேரந்தானே, பாத்துட்டுப் போங்களேன்" என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். "ஜெயிக்கவன் ஜெயிப்பான், கடலு நமக்காக காத்துக்கிட்டா கெடக்கும்?" என்று சொல்லிவிட்டுக் கரைக்கு நடந்துவிட்டார்கள். ஜெர்மனியின் கோட்சே 113-வது நிமிடத்தில் கோல் போட்டபோது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 3 மணி. அப்பா கடலில் இருந்தார்கள். கால்பந்து என்றால் உயிரை விடுகிற மனுசன், அந்த ஒரே கோலைப் பார்க்கவில்லை.

அதே ஆட்டம் ஒரு நாள் முன்னால், ரியோவில் சனிக்கிழமை நடந்திருந்தால்? நமக்கு ஞாயிறு அதிகாலை. முழுசாகப் பார்த்துவிட்டு, தூங்கி எழுந்து இரண்டாம் பூசைக்கும் போயிருக்கலாம். திங்கள் காலை ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்று தூங்கி வழிகிற நமக்கும் இது பொருந்தும். அமெரிக்காவிலும் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தை ஞாயிற்றிலிருந்து சனிக்கு மாற்றுங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் அதே திங்கட்கிழமைதான்.

மாற்றியவர்கள் உண்டு

ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நெடுங்காலம் புதன்கிழமை நடந்தது. குடும்பத்தோடு, பிள்ளைகளோடு பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று 2010-ல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டில் ஆமதாபாத் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் அக்டோபர் 15, ஞாயிறு என்று முதலில் அறிவித்தார்கள். அன்று நவராத்திரி தொடக்கம் என்பதால் 14, சனிக்கு மாற்றினார்கள். அதோடு சேர்த்து மொத்தம் 9 ஆட்டங்களின் அட்டவணை திருத்தப்பட்டது. ஆனால் இந்த அறிவிப்பு வந்தது ஆகஸ்டில்! அதற்குள் ரூம் போட்டவர்கள் திண்டாடிப் போனார்கள். மாற்றுவது தப்பில்லை, கடைசி நேரத்தில் மாற்றுவதுதான் தப்பு.

எதிர்வாதங்கள்

முதலாவது, வீரர்களின் ஓய்வு. அரையிறுதிகள் செவ்வாய், புதனில் நடக்கின்றன. இறுதியாட்டத்தை மட்டும் சனிக்கு இழுத்தால் புதன்கிழமை ஆடிய அணிக்கு நடுவில் இரண்டே நாள்தான் கிடைக்கும். அது அநியாயம். எனவே அரையிறுதிகளைத் திங்கள், செவ்வாய்க்கும், மூன்றாமிட ஆட்டத்தை வெள்ளிக்கும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

இரண்டாவது, யூதர்களுக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஓய்வுநாளை மதிக்கிறவரின் வலி சின்னதல்ல. ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓடவே மறுத்தார். பிறகு 400 மீட்டரில் தங்கம் வென்றார். எல்லோருக்கும் ஒத்துவரும் நாள் என்று ஒன்று கிடையாது. அதனால் மேற்கே, அமெரிக்கக் கண்டங்களில் நடக்கும்போதாவது சனிக்கிழமையைப் பரிசீலிக்கலாம் என்பது என் கருத்து.

முடிவுரை

நாள் குறிக்கிறவர்கள் மைதானத்தில் இருப்பவரின் விடுமுறையைப் பார்க்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்க்கிறவனின் மறுநாள் வேலையையும் பார்க்க வேண்டும். நண்பர்களே, நம் யூனியன் போட்டிகளுக்கு நாள் குறிக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்போம்: "மறுநாள் விடியுமுன்னே வேலைக்குப் போக வேண்டியவர் யார்?" அவரும் கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்க்க முடிந்தால்தான் அது எல்லோருக்குமான ஆட்டம்.