புழுங்கலரிசி புகட்டிய பாடம்

அரிசி மூட்டையைப் பிரித்ததும் வாங்க வருவோர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். வெள்ளை வெளேரென்றிருந்தால் அதுவே முதல் தரம் என்பது பலருடைய எண்ணம். அந்த வெண்மை ஒரு காலத்தில் மலாயாவில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெரிபெரி என்பது அந்நோயின் பெயர். கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், முடிவில் இதயம் ஓய்ந்துவிடும். ஈய லம்பங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே பெரும்பாலும் இதற்குப் பலியாயினர். தமிழ்த் தொழிலாளர்களை இது அவ்வளவாக அண்டவில்லை. காரணம் என்ன?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இருவர் உணவையும் ஒப்பிட்டார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கெட்டுப்போன பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறதென அவர் கருதினார்.

கருத்து மட்டும் போதுமா? சோதனை வேண்டுமல்லவா? 1905-ஆம் ஆண்டு இறுதியில் டாக்டர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினருக்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவிப் பலர் மாண்டனர், மற்றவர் தப்பினர். சம்மதம் கேட்கப்படாத நோயாளிகளைக் கொண்டு இத்தகைய சோதனை செய்வதை இன்றைய மருத்துவ நெறி அனுமதிக்காது. நாம் பெற்ற அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையை மறத்தலாகாது.

பின்னர், 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபு காட்டில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் இதை ஆராய்ந்தனர். அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் கூட்டம் மாறியது. ஆய்வுக்கூடத்தில் கோழிகளை வைத்துச் சோதித்ததில், தீட்டும்போது கழித்த தவிட்டிலேயே காக்கும் சத்து இருப்பது தெளிவாயிற்று. இவர்களுக்கு முன்பே பத்தாவியாவில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் கோழிகளிடம் இவ்வுண்மையின் சாயலைக் கண்டிருந்தார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே நஞ்சு எதுவுமில்லை, குறைபாடே நோய். அக்குறைபாடு தயமின் எனப்படும் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்து உள்மணிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் ஓரளவு தங்குகிறது.

நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் கண்டவரல்லர். ஆயினும் அவர்கள் அவித்த நெல் கடல் கடந்தும் நம்மவரைக் காத்தது. சரக்கின் தரத்தை நிறத்தால் மட்டும் மதிப்பிடலாகாது என்பதை வணிகராகிய நாம் மனத்தில் இருத்துவோமாக. வாங்க வருவோருக்கும் இதை எடுத்துச் சொல்வோமாக.