ஹபர் என்றொரு சொல்

அன்புள்ள கயல்,

சோமாலியர்கள் தந்தை வழியில்தான் குலம் எண்ணுவார்கள் என்று எங்கோ படித்ததாக எழுதியிருந்தாய். சரிதான். ஆனால் வடக்கே வாழும் இசாக் குலத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்.

அங்கே சிறுபிள்ளைகளுக்கு 'அப்திர்சிமோ' சொல்லிக் கொடுப்பார்கள். தன் பெயர், அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர் என்று மேலே மேலே ஏறும் வரிசை அது. புதிதாகச் சந்திக்கும் இருவர், எந்தப் பாட்டனிடம் தங்கள் வரிசைகள் சேர்கின்றன என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இசாக் குலத்தாருடைய வரிசைகள் ஷேக் இசாக்கிடம் சேரும். அவர் அரபு நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர் என்பது மரபு. ஏடன் வளைகுடாக் கரையில், மைத் என்ற ஊரில், அவர் அடக்கமான இடம் இருக்கிறது. ஆய்வாளர்கள் பலர் இந்த அரபு மூலத்தை ஏற்பதில்லை. சோமாலி மொழிக்கு நெருங்கிய உறவு அரபு அல்ல, ஒரோமோவும் அஃபாரும்தான். இஸ்லாம் அங்கே வேரூன்றியபோது சேர்ந்த பெருமை இந்தக் கதையில் படிந்திருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன்.

இப்போது கிளைகளின் பெயரைப் பார்: ஹபர் அவல், ஹபர் யூனிஸ், ஹபர் ஜெலோ. இந்தப் பெயர்களில் 'ஹபர்' என்றால் தாய். தாயின் சகோதரியை 'ஹபர்யர்' என்பார்கள்; சிறிய தாய், நம் சின்னம்மாவேதான். ஷேக்குக்கு மனைவியர் இருவர். ஒருத்தி திர் குலத்தின் மகாத்லே கிளைப் பெண், மற்றவள் எத்தியோப்பியாவின் ஹரார் பக்கத்தவள் என்கிறார்கள். தகப்பன் ஒருவனே ஆனதால், பிள்ளைகளின் கிளைகளைப் பிரித்துச் சொல்லத் தாய்தான் வேண்டியிருந்தது.

தந்தை வழி உறவு 'தோல்'. ஒரு கொலைக்கு ஈடாக 100 ஒட்டகம் கொடுக்க வேண்டுமென்றால் தோல் உறவினர்தான் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். பெண் கொடுத்து எடுத்த உறவு 'ஹிதித்'. அதே சொல்லுக்கு வேர் என்றும் பொருள். மேய்ச்சல்காரர்கள் நெருங்கிய தோலுக்குள் பெண் எடுக்காமல் தூரத்துக் கிளைகளில்தான் எடுத்தார்கள். கடற்கரையில் எரிந்த மண்ணான குபன், தெற்கே மழை பெய்தால் புல் தழைக்கும் ஹௌத். மந்தையோடு இவற்றுக்கிடையே நடப்பவனுக்கு, வழியில் மாமனார் வீட்டுக் கிணறு ஒன்று இருந்தால் உயிர் பிழைக்கும். ஹௌத் 1955-இல் பிரிட்டிஷார் கையிலிருந்து எத்தியோப்பியாவிடம் போனது அதனால்தான் இன்னும் ஆறாத புண்.

பகை தீர்க்கப் பெண்ணைக் கொடுக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அவளைக் கேட்டார்களா என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

1988-இல் உள்நாட்டுப் போரில், சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் விமானங்கள் வடக்கின் ஹர்கெய்சா நகரைக் குண்டு வீசித் தரைமட்டமாக்கின. லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். போருக்குப் பிறகு, வடக்கின் குலங்களுக்குள்ளேயே பகை மிஞ்சியிருந்தபோது, 1993-இல் பெரியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசிச் சமாதானம் கண்டார்கள். கூடிய இடம் போராமா. திர் வழியில் வந்த கதபூர்சி குலத்தின் ஊர். மரபுப்படி பார்த்தால், மகாத்லே வயிற்றுப் பிள்ளைகளுக்கு அது தாய்மாமன் பக்கம்.

அன்புடன்,
மாமா