சொன்னவன் சுடப்பட்டான், கேட்டவன் தூங்கினான்: பயங்கரவாதமும் நம் பொறுப்பும்

 

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவுங்கள், பாவத்திலும் வரம்பு மீறலிலும் உதவாதீர்கள் என்று சூரா அல்மாயிதாவின் இரண்டாவது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நிகாஹ் மஜ்லிஸிலும் பள்ளிவாசல் கட்டட நிதி திரட்டும்போதும் இந்த வசனத்தை அடிக்கடி கேட்கிறோம். ஊரின் பாதுகாப்பைப் பேசும்போது மட்டும் ஏனோ இது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் வணக்கத்தில் இருந்தவர்களும், கொழும்பு ஹோட்டல்களில் காலை உணவில் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் 260க்கும் அதிகம். செய்தவர்கள் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித இனம் முழுவதையும் கொல்வதற்குச் சமம் என்று சொல்லும் மார்க்கத்தின் பெயராலேயே அதைச் செய்தார்கள். அவர்களின் ஜனாஸாக்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

இதைப் பேசினால் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஹஸ்ரத், நம்மவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள்தானே? என்ன நடந்தது?"

நியாயமான கேள்வி. சூத்திரதாரியைப் பற்றிக் காத்தான்குடி மக்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கே நடந்த மோதலுக்குப் பின் அவன் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அடுத்த மாதம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோப்பில் வெடிபொருட்கள் கண்டெடுக்கப்பட்டன. அந்த விசாரணையில் பொலிஸாருக்கு உதவியவர் மாவனெல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரர். 2019 மார்ச்சில் அவரது வீட்டுக்குள் புகுந்து தலையில் சுட்டார்கள். குண்டுகள் வெடிப்பதற்கு ஆறு வாரங்கள் முன்பு அது. குண்டுகளுக்கு முன்பே அந்தக் கூட்டம் ஒரு முஸ்லிமையும் சுட்டது என்பதைச் சிங்களச் சகோதரர்களிடம் நாம் எடுத்துச் சொல்வதே இல்லை.

இந்தியப் புலனாய்விலிருந்து ஏப்ரல் 4ஆம் தேதி எச்சரிக்கை வந்தது. தேவாலயங்கள் இலக்கு என்பதும் அதில் இருந்தது. 17 நாட்கள் இருந்தன. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத காலம் அது. பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. கடிதம் மேசையிலிருந்து மேசைக்குப் போனது, தேவாலய வாசலுக்குப் போகவில்லை. 2023 ஜனவரி 12ஆம் தேதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உயர் அதிகாரிகளும் செலுத்தும்படி உத்தரவிடப்பட்டார்கள்.

அப்படியானால் இனிச் சொல்வதில் என்ன பயன் என்று கேட்பவருக்கு ஸஹீஹுல் புகாரியில் வரும் கப்பல் உதாரணத்தை நினைவூட்டுகிறேன். மேல்தளத்தாரைத் தொந்தரவு செய்யாமல் தண்ணீர் எடுக்கலாம் என்று கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தங்கள் பகுதியில் ஓட்டை போட நினைக்கிறார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள், விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். மாலுமி தூங்குகிறான் என்பதற்காகப் பக்கத்தில் இருப்பவனின் கடமை நீங்கிவிடுமா? குண்டுவெடிப்பு நடந்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 26, சாய்ந்தமருதில் புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னது அவ்வூர் முஸ்லிம்களே. இம்முறை பொலிஸாரும் படையினரும் உடனே வந்தார்கள். அந்த வீட்டில் இருந்தவர்கள் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் வெடிக்க வைத்துக்கொண்டார்கள். வேறு எங்கோ வெடிக்க வைத்திருந்த குண்டுகள் அவை.

மதீனா சாசனத்தில் ஒரு விதி உண்டு. முஃமின்களுக்கிடையே அநியாயத்தையும் குழப்பத்தையும் விளைவிக்க முயல்பவன் தங்களில் ஒருவரின் மகனாகவே இருந்தாலும், எல்லோருடைய கைகளும் அவனுக்கு எதிராக ஒன்றுசேர வேண்டும். "நம்ம பிள்ளை" என்று மூடி மறைக்க இடமே இல்லை.

இனி ஊடகம். குண்டுகள் வெடித்து மூன்று வாரம் கழித்து, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி ஆங்கிலத்தில் எழுதிய முகநூல் வரி மிரட்டலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஓர் உயிரும் போனது. அதே மாதம் ஒரு சிங்கள நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று முதல் பக்கத்தில் போட்டது. அவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் துறைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பயங்கரவாதி விரும்புவதும் இதையேதான்: பக்கத்து வீட்டார் ஒருவரையொருவர் அஞ்ச வேண்டும். அவனுக்காக அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்து கொடுத்தது பத்திரிகை. மாறாக, மக்களை அமைதிப்படுத்திய கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகைக்கு இந்தச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. அதைச் சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டாம்.

நியூசிலாந்தைப் பாருங்கள். அதே 2019 மார்ச் 15, ஒரு வெள்ளிக்கிழமை, கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதானார்கள். கொலைகாரனின் பெயரை ஒருபோதும் உச்சரிக்க மாட்டேன் என்றார் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன். அந்நாட்டின் முக்கிய ஊடகங்கள், அவனது வழக்கில் அவனுடைய கொள்கைக்கு மேடை கொடுப்பதில்லை என்று தமக்குள் உடன்பட்டன. அடுத்த வெள்ளி, பாங்கோசை தேசியத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒலித்தது. முகநூலில் அவன் நேரடியாக ஒளிபரப்பிய காணொளியின் பிரதிகள் 24 மணி நேரத்தில் 15 லட்சம் நீக்கப்பட்டன. அப்படியானால் அத்தனை முறை அதைப் பதிவேற்ற முயன்றிருக்கிறார்கள்! நம்மிலும் எத்தனை பேர் "அநியாயத்தைப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்? ஒரு பாஸிக் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று சூரா அல்ஹுஜுராத் சொல்வது செய்தியாளருக்கு மட்டுமல்ல, அனுப்பும் பொத்தானில் விரல் வைத்திருப்பவருக்கும்தான்.

ஊரில் செய்ய வேண்டியது இவ்வளவு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இளைஞர்களோடு பேசக்கூடிய இரண்டு பேரை நியமியுங்கள். ஒரு பிள்ளை திடீரென்று தாய் தந்தையைக் காஃபிர் என்று பேசத் தொடங்கினால், பொலிஸுக்கு முன் ஓர் ஆலிமிடம் கொண்டுபோங்கள். ஆயுதம், வெடிபொருள், பயிற்சி என்ற பேச்சு வந்துவிட்டால் ஆலிமுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், நிர்வாகத்தின் கடிதத்தோடு போய், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி பள்ளிவாசலில் இருக்கட்டும், இன்னொன்று மாவட்டச் செயலகத்துக்குப் போகட்டும். தகவல் சொன்னவரின் பெயரைத் தேநீர்க் கடையில் பேசாதீர்கள். மாவனெல்லைச் சகோதரருக்கு நடந்தது உங்கள் ஊரிலும் நடக்கலாம்.