தூண்டில் போடப் போகிறீர்களா? பெரம்பலூர், அரியலூர் வாசகர்களுக்குச் சில விவரங்கள்



மழை பெய்து ஏரி நிரம்பினால் நம்ம பக்கத்தில் யார் வீட்டிலாவது ஒரு தூண்டில் வெளியே வந்துவிடும். முன்பெல்லாம் மூங்கில் குச்சி, தங்கூஸ், தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. இப்போது இளைஞர்கள் ரீல் வைத்த ராடு, ரப்பர் தவளை, பிளாஸ்டிக் மீன் என்று பையோடு வண்டியில் கிளம்புகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். மதராஸ் மாகாண அரசுப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு நூல் எழுதினார். பிறகு ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொரு நூலும் எழுதினார். ஆக, நம்ம ஏரிக்கரையில் உட்காருவது ஒன்றும் சாதாரண விஷயம் இல்லை!

ஆனால் எங்கே உட்காரலாம், எங்கே கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

எந்தத் தண்ணீர் யாருடையது?

ஏரியில் தண்ணீர் பொது, மீன் பொது இல்லை. நீர்வளத் துறை ஏரி, ஊராட்சி ஒன்றிய ஏரி, ஊராட்சிக் குளம் என்று ஒவ்வொன்றும் ஒரு நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது. பெரும்பாலானவை மீன்பாசி ஏலம் விடப்படுகின்றன. ஏலம் எடுத்தவர் பணம் கட்டி, குஞ்சு வாங்கி விட்டிருப்பார். "ஒரு தூண்டில்தானே" என்று நீங்கள் நினைக்கலாம், அவருக்கு அது முதலீடு. போவதற்கு முன் ஊராட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகைதாரரிடம் நேரில் போய், "அண்ணே, பொழுதுபோக்குக்குத்தான், பிடிச்சதைத் திருப்பி விட்டுடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். பல பேர் சரி என்பார்கள். சொல்லாமல் போனால்தான் தகராறு.

கரைவெட்டி ஏரி மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது பறவைகள் சரணாலயம். 2024ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வனத்துறை அனுமதியின்றித் தூண்டில் போட முடியாது. வாத்து, நாரை பார்க்கப் போங்கள், ராடை வீட்டில் வைத்துவிடுங்கள். பச்சைமலை காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஓடைகளுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

வெடி வைப்பது, விஷம் கலப்பது இரண்டையும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் பாய்ச்சுகிறவர்கள் மீனைவிடத் தங்களைத்தான் முதலில் கொல்கிறார்கள். யாராவது அப்படிச் செய்வதைப் பார்த்தால் தண்ணீரில் கால் வைக்காமல் 112க்குச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கல் குழிகள்: தயவுசெய்து வேண்டாம்

அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகள் நிறைய. மழைத்தண்ணீர் நின்று நீலமாக, கண்ணாடி மாதிரி இருக்கும். மீனும் இருக்கும். அதனால்தான் பையன்கள் போகிறார்கள்.

ஏரிக்கும் குழிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஏரி கரையிலிருந்து மெல்ல மெல்ல ஆழமாகும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். குழியில் அந்த எச்சரிக்கையே கிடையாது. வெட்டிய சுவர் செங்குத்தாக இறங்கும். ஓர் அடி தள்ளினால் ஆள் நிற்க முடியாத ஆழம். விளிம்பில் கிடப்பது உடைந்த கல்லும் தளர்ந்த மண்ணும்; மழைக்குப் பிறகு மிதித்தால் சரியும். உள்ளே விழுந்தவருக்குப் பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. நீச்சல் தெரிந்தவரும் சுவரைப் பிடித்துப் பிடித்து வழுக்கி, களைத்துத்தான் மூழ்குகிறார்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது பெரியப்பா மகனோடு இப்படி ஒரு குழிக்குப் போனேன். சிக்கிய முள்ளை எடுக்க அண்ணன் விளிம்புக்குப் போனார், மண்ணோடு சேர்ந்து இறங்கிவிட்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குதிக்கப்போன என்னைப் பிடித்து இழுத்து, "வேட்டியை அவிழ்த்துப் போடுடா" என்று கத்தினார். வேட்டியின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையை நாங்கள் இருவரும் பிடித்தோம். அன்றைக்கு நான் குதித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருக்காது.

அந்த அம்மா சொன்னதுதான் இன்றைக்கும் மீட்புப் பயிற்சியில் சொல்லித் தருவது. மூழ்குகிறவர் பக்கத்தில் வருகிறவரைக் கட்டிப்பிடித்து அழுத்துவார். அதனால் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, துப்பட்டா, நீண்ட கழி எது கிடைத்தாலும் நீட்டுங்கள். மூடிய காலி தண்ணீர் கேனைத் தூக்கிப் போட்டால் அவர் அதைப் பிடித்து மிதக்கலாம். நீட்டும்போது நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், நின்றால் உங்களையும் இழுத்துவிடும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

ஏரியில் எந்த மீன், எந்த இரை?

நம்ம ஏரிகளின் ராஜா விரால்தான். தாமரை, ஆகாயத்தாமரை, கோரை ஓரமாகக் கிடக்கும். அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கிற மீன், அதனால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுப் போகும். தண்ணீர் "பொளக்" என்று அசைந்த இடத்துக்கு ஓரிரு அடி தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, விட்டு விட்டு இழுங்கள். அடித்தவுடனே சுண்டக்கூடாது, இரண்டு எண்ணிவிட்டு இழுங்கள். செடிக்குள் ஓடும் மீன் என்பதால் 20 பவுண்டுக்குக் குறையாத நரம்பு வேண்டும்.

மழைக்காலத்தில் தண்ணீர் மேல் சிவப்பாக, குங்குமம் தூவியது மாதிரி குஞ்சுக் கூட்டம் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடியில் காவலுக்குத் தாய் தகப்பன் விரால் இருக்கும். கோபத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும், பிடிப்பது ரொம்ப சுலபம். ஆனால் அதை எடுத்துவிட்டால் குஞ்சு முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வளர்ப்புக்கு விடுபவை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை போதும். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் தரையிலும் மேயும். தக்கையின் உயரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். ஜிலேபிக் கெண்டைக்கு மண்புழு. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, இப்போது இல்லாத குட்டையே இல்லை. பிள்ளைகளுக்குத் தூண்டில் பழக்க அதைவிட நல்ல மீன் கிடையாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது, நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

தேளி மீனின் பக்கத்து முள் குத்தினால் தேள் கொட்டியது மாதிரி கடுக்கும். குத்திய இடத்தைப் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள், வலி குறையும். தூண்டில் முள் கையில் நன்றாக இறங்கிவிட்டால் பிடுங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் டி.டி. ஊசி போடுவார்கள். கண்ணில் பட்டால் தொடவே தொடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கரைப் புதரில் பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐ அழையுங்கள்.

கொள்ளிடமும் வெள்ளாறும்

தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. திருமழபாடி, திருமானூர், மதனத்தூர், அணைக்கரை என்று கொள்ளிடக் கரையில் உட்கார இடம் ஏராளம். வாளை, கெளுத்தி, ஆரால், விலாங்கு கிடைக்கும். ஆனால் ஆறு ஏரி மாதிரி சொன்னபடி கேட்காது. மேட்டூர் நிரம்பி வழிந்தால் முக்கொம்பில் உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள். இங்கே ஒரு பொட்டு மழை இல்லாமலே தண்ணீர் ஏறிவிடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். மாவட்ட நிர்வாகம் வெள்ள எச்சரிக்கை விட்டிருந்தால் நடு ஆற்று மணல் திட்டுக்குப் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1077க்குப் போன் போட்டு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது. இறங்காமல் கரையிலிருந்தே வீசுங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். கார்பன் ராடு மின்னலைக் கடத்தும்.

உப்புத் தண்ணீர் ஆசை உள்ளவர்களுக்கு

பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னால் அரியலூரே கடலாகத்தான் இருந்தது. காரை பக்கம் அம்மோனைட்டும் சுறாப் பல்லும் இன்றைக்கும் மண்ணிலிருந்து வருகின்றன, வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இப்போது கடலுக்கு நம்ம ஆறுகளோடேயே கிழக்கே போகவேண்டும். வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும் கொள்ளிடம் பழையாறு பக்கத்திலும் கடலைத் தொடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் பிச்சாவரம் அலையாத்திக் காடு; அங்கே வனத்துறை சொன்னபடிதான் நடக்கவேண்டும்.

முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறி, வற்றத் திரும்புகிற நேரம்தான் நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் அதிகம், மீன் நடமாட்டமும் அதிகம். கொடுவாவுக்கு உயிர் இறால் நல்ல இரை. அதன் செவுள் தகடு கத்தி மாதிரி. நுனியில் 30 பவுண்டு தடித்த நரம்பு கட்டாவிட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு விஷயம்: கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். பெரியது எல்லாம் முட்டை போடுகிற மீன். போட்டோ எடுத்துவிட்டு, ஈரக் கையால் பிடித்து, மூச்சு வரும்வரை தண்ணீரில் வைத்திருந்து விட்டுவிடுங்கள். பேத்தை மீன் மாட்டினால் சமைக்கவே கூடாது, அந்த விஷம் கொதித்தாலும் போகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை அது தடுக்காது, ஆனால் படகு வாடகைக்கு எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவையுங்கள். உப்பு ஒரே இரவில் வேலையைக் காட்டிவிடும்.